காகம் உட்கார்ந்த நேரம்

2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். தயங்கி நின்றவர்களுக்குத் தைரியம் சொல்லவே ஊரறியப் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி விடிவதற்குள் மரணம். இதய ரத்தக் குழாயில் முழு அடைப்பு, ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர்கள் உடனேயே சொன்னார்கள். பலர் நம்பவில்லை.

காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியாததல்ல. ஆனால் விழுந்தது நாம் நேசித்த பழம் என்றால் காகத்தைச் சும்மா விட மனம் வருவதில்லை. ஊர் ஊராக மரம் நட்டுக்கொண்டிருந்த மனிதர் 59 வயதில் வெறும் அடைப்பால் போய்விட்டார் என்பதைவிட, யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்பது மனதுக்குச் சுலபம். துக்கத்துக்கு ஒரு குற்றவாளி கிடைத்துவிடுகிறான்.

வதந்தி வரும் குரலையும் கேளுங்கள். “எனக்கு வேண்டிய டாக்டரே சொன்னாருப்பா, வீட்ல யாரும் போட்டுக்காதீங்க.” குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியவர் பெரியப்பா. எதிரே நிற்பது ‘ஆய்வு நிலுவையில் உள்ளது’ என்னும் அரசு நடை. யார் ஜெயிப்பார்கள்?

படிக்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்பது படித்தவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல். சந்தேகம் எப்போதும் வெறும் கற்பனையும் அல்ல. பின்லேடனைத் தேடி 2011இல் பாகிஸ்தானின் அபோட்டாபாதில் தடுப்பூசி முகாம் என்ற பெயரில் சிஐஏ நாடகம் நடத்தியது. அடுத்த ஆண்டே அந்நாட்டில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போன பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு நிஜச் சதி, நூறு பொய்ச் சதிகளுக்கு ஜாமீன் கொடுத்துவிடுகிறது.

எனவே நம்புகிறவர்களைக் கேலி செய்வதில் பயனில்லை. வதந்தி பரப்புகிறவர்கள்மீது வழக்குப் போட்டால் சந்தேகம் இன்னும் இறுகும். தேவை விரைவான பதில். விவேக் மரணத்துக்கு ஊசி காரணமல்ல என்று மத்திய ஆய்வுக் குழு அறிவித்தது அக்டோபரில். இடையில் ஆறு மாதம். இரண்டாம் அலையே வந்து போய்விட்டது. ‘ஊசி போட்ட மறுநாள்’ என்ற சொற்களை முன்னால் நிறுத்தும் பத்திரிகைத் தொழிலுக்கும், எங்களையும் சேர்த்தே, இந்தச் சந்தேகம் வளர்ந்ததில் பங்குண்டு.

தடுப்பூசிக்குப் பிறகு நேரும் ஒவ்வொரு மரணத்தின் ஆய்வு முடிவும், இறந்தவரின் அடையாளம் நீக்கி, எளிய தமிழில் 30 நாளுக்குள் வெளிவர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் அதை ஒட்ட வேண்டும். வீடு வீடாகப் போகும் கிராம சுகாதார செவிலியர் கையிலும் அது இருக்க வேண்டும். பெரியப்பாவுக்குப் பதில் சொல்ல அவரால்தான் முடியும்.