ஆட்டுக்காரரையும் கேட்போமா?



மொரப்பூரில் சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா என்ன? அந்த வெயிலைத்தான் இப்போது பல ஊர்களில் மின்சாரமாக்குகிறார்கள். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ஆம் ஆண்டு, சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சோலார் மின் நிலையம் அமைந்தது.

இதில் ஒரு சங்கடம். வெயில் அடிப்பது பகலில். விளக்குப் போடுவது இரவில். அதற்குத்தான் பெரிய பேட்டரிகள். ஊர் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பகலில் மோட்டார் ஏற்றிய தண்ணீர், சாயங்காலம் குழாயில் வருகிறது அல்லவா? சத்தீஸ்கர் மாநிலம் ராஜ்நந்த்காவில் 2024-இல் தொடங்கி வைத்த சோலார் நிலையத்தின் பேட்டரி 40 மெகாவாட் கொடுக்கும். அதில் சேமிக்க முடிவது 120 மெகாவாட் மணி. வகுத்துப் பாருங்கள், மூன்று மணி நேரம் வரும். (வாத்தியார் புத்தி, கணக்கை விடாது!)

சரி, இத்தனை சோலார் தகடுகளை எங்கே வைப்பது? "தரிசு நிலம் சும்மாதானே கிடக்கிறது" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் வகுப்பில் ஒரு பையன் அடிக்கடி வரமாட்டான். கேட்டால், "ஆடு மேய்க்கப் போனேன் சார்" என்பான். "வெறும் தரிசில் என்னடா மேயும்?" என்றேன். இலந்தைத் தழை, வேலங்காய், கொழுக்கட்டைப் புல் என்று அடுக்கினான். மழை பெய்தால் எந்த ஓடை எந்தக் குட்டைக்குப் போகும் என்றும் சொன்னான். அன்று நான்தான் மாணவன்.

கர்நாடகத்தில் பாவகடா என்ற ஊரும் நம் பக்கம் போலவே வறண்ட பூமிதான். அங்கே சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் நிலையம் 2019-இல் முழுமை பெற்றது. நிலத்தை விலைக்கு வாங்கவில்லை. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று தொடங்கிக் குத்தகைக்கு எடுத்தார்கள். நிலம் உழவர் பெயரிலேயே இருக்கிறது. நல்ல ஏற்பாடு! ஆனால் சொந்த நிலமே இல்லாமல் களை பறித்தவர்களுக்கும் ஆடு மேய்த்தவர்களுக்கும் அந்தக் குத்தகைப் பணம் வராதே? வேலையும் போயிற்று, மேய்ச்சல் இடமும் குறைந்தது.

சோலார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிலக்கரிப் புகைக்கு இது எவ்வளவோ மேல். திட்டம் போடும்போதே ஆட்டுக்காரரையும் கூப்பிட்டுக் கேட்கலாமே என்கிறேன். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் சில நிலையங்களில் தகடுகளுக்கு நடுவே செம்மறி ஆடுகளை மேய விடுகிறார்கள். புல் வெட்டும் செலவும் மிச்சம். (வெள்ளாடு மட்டும் ஆகாது. தகட்டின் மேலே ஏறும், ஒயரையும் கடிக்கும்!) வேலியில் எங்கே வாசல், ஓடைக்கு எவ்வளவு இடம் என்பதெல்லாம் காகிதத்தில் இருக்கும்வரை ரப்பரால் அழித்துத் திருத்தலாம். கம்பி வேலி நட்டபிறகு முடியுமா?

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவர் ஒருவரோடு உங்கள் ஊர்த் தரிசுக்குப் போய் வாருங்கள். யார் யார் வருகிறார்கள், எது மேய்கிறது, ஓடை எங்கே போகிறது என்று ஒரு படம் வரையுங்கள். அங்கே வேலி வந்தால் எந்த வழியெல்லாம் அடைபடும் என்று சிவப்புப் பென்சிலால் குறித்து, நமக்கு அனுப்பி வையுங்கள்.