கூரைத் தகரமும் கடன் கொப்பியும்

அமில மழை என்றால், "அது ஐரோப்பாக்காரன் பிரச்சினை, நமக்கென்ன?" என்று ஹட்டனில் கடை வைத்திருப்பவர் கேட்கலாம். தேயிலைக்கு அமில மண்தானே பிடிக்கும் என்றும் சொல்லலாம். அது பாதி உண்மைதான்.

நிலக்கரியும் டீசலும் எரியும்போது வெளியாகும் கந்தக, நைதரசன் ஒட்சைட்டுகள் மழையில் கரைவதே அமில மழை. இது தூரம் பார்ப்பதில்லை. பிரித்தானியாவின் புகை நோர்வே ஏரிகளின் மீன்களை அழித்தது. நம் நாட்டிலும் 2011 முதல் நுரைச்சோலையில் நிலக்கரி எரிகிறது.

தேயிலைக்கு உகந்த மண்ணின் பீ.எச். 4.5 முதல் 5.5 வரை. அதற்குக் கீழே போனால் கல்சியமும் மக்னீசியமும் கழுவுண்டு போகும், கொழுந்து குறையும். நைதரசன் உரத்தால் ஏற்கனவே புளித்த மண்ணுக்கு மழையும் சேர்ந்தால் டொலமைட் செலவு கூடும். லயன்களிலும் கடைகளிலும் உள்ள கூரைத் தகரத்தின் நாகப் பூச்சும் சீக்கிரம் கரைந்து, துரு ஏறும்.

தோட்டம் நலிந்தால் கடைக்கு என்னவாகும் என்பதை நாம் கண்டிருக்கிறோம். 2021 இல் இரசாயன உரம் தடைசெய்யப்பட்டது; அவ்வருடம் சுமார் 300 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022 இல் சுமார் 250 மில்லியனாக வீழ்ந்தது. கொழுந்து குறைந்தால் சம்பளம் குறையும். நமது கடன் கொப்பி தடிக்கும்.

உரத்தடை ஒரே நாளில் வந்தது. அமிலம் தவணை முறையில் வரும். அதனால்தான் கணக்கில் ஏறுவதில்லை. மலையக மழைநீரின் அளவீடுகளைத் தொடர்ந்து பகிரங்கப்படுத்துமாறு நமது வர்த்தக சங்கங்கள் கேட்க வேண்டும். சரக்கை நிறுத்துப் பார்த்து வாங்கும் நாம், மழையையும் அளந்து பார்க்கச் சொல்வதில் தவறில்லை.