சுத்திகரிப்பே கடைசி வேலையாக இருக்கட்டும்

பயனர்கள் எழுதுவதை அப்படியே வெளியிடும் இணையதளங்களில், அந்த எழுத்துக்குள் ஜாவாஸ்கிரிப்ட் நிரலையும் ஒளித்து அனுப்ப முடியும். படிக்க வருபவரின் பிரவுசரில் அது இயங்கி, அவர் பெயரிலேயே காரியங்களைச் செய்துவிடும். ஆபத்தான சொற்களைத் தேடி நீக்கினால் போதும் என்று ஒருகாலத்தில் பல தளங்கள் நம்பின. மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் அப்படித்தான் 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல்லைத் தடுத்தது. 2005 அக்டோபரில் சாமி கம்கார் என்ற இளைஞர் அச்சொல்லை நடுவில் உடைத்து இரண்டு வரிகளாக எழுதினார். வடிகட்டிக்கு அது பிடிபடவில்லை. சில பிரவுசர்களோ சேர்த்துப் படித்துவிட்டன. ஒரு நாளுக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பக்கங்களுக்கு அந்த நிரல் பரவியது.

தடை செய்ய வேண்டியவற்றின் பட்டியலுக்கு முடிவே கிடையாது. அதனால்தான், பக்கத்தை வடிவமைக்கும் குறிகளான டேக்குகளில் அனுமதித்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கும் சுத்திகரிப்பு நிரல்கள் வந்தன. ஆனால் சுத்திகரித்த பிறகும் பலர் அந்த எழுத்தில் கை வைக்கிறார்கள். இணைய முகவரிகளைச் சொடுக்கக்கூடிய இணைப்புகளாக மாற்றும் சிறு நிரலை எடுத்துக்கொள்வோம். ஒரு படத்தின் விளக்கக் குறிப்புக்குள் முகவரி இருந்தால், இந்த நிரல் அங்கேயும் மேற்கோள் குறிகளைச் செருகும். குறிப்பு பாதியில் முடிந்து, அதுவரை வெறும் எழுத்தாக இருந்தது கட்டளையாகிவிடும். யாருமே கை வைக்காவிட்டாலும், படிக்கும் முறை மாறினால் இதே கதிதான். 2019-இல் கூகுள் தேடல் பக்கத்தில் அப்படியொரு ஓட்டை அடைக்கப்பட்டது. 'நோஸ்கிரிப்ட்' என்ற டேக்கைச் சுத்திகரிப்பு நிரல் ஒருவிதமாகவும் பக்கத்தைக் காட்டிய பிரவுசர் வேறுவிதமாகவும் புரிந்துகொண்டதே காரணம்.

இணைப்புகளும் எமோஜிகளும் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்; அந்த மாற்றங்களையெல்லாம் சுத்திகரிப்புக்கு முன்பே முடித்துவிடலாம். ஒவ்வொரு முறை காட்டும்போதும் சுத்திகரித்தால் தளம் மெதுவாகும் என்பது இன்னொரு வாதம். சுத்திகரித்த பிரதியைச் சேமித்து வைத்தால் அந்தச் சுமை குறையும். மூலத்தையும் தனியே வைத்திருந்தால், சுத்திகரிப்பு நிரல் மேம்படும்போது மறுபடி சுத்திகரிக்கலாம். பிரவுசரின் பாதுகாப்புக் கொள்கைகளே காப்பாற்றாதா என்றால், அவை இரண்டாம் அரண். முதல் அரணுக்கு மாற்றாகாது. ஆகவே, சுத்திகரிப்புக்குப் பின் எழுத்தைத் தொடும் நிரல் உங்கள் தளத்தில் ஒன்றாவது இருந்தால், அதை இன்றே முன்னால் நகர்த்துங்கள்.