உண்டியலுக்கு ரெண்டு பூட்டு, அடியார் விவரத்துக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டர் பத்தினதுதான், ஆனா பக்தர்கள் எல்லாரும் படிக்கணும்.

உண்டியலை எப்படித் திறக்கிறோம்? சாவி ஒரே ஆள் கையில இருக்கக் கூடாது. நிர்வாகக் குழுவிலிருந்து ஆள் வரணும். எண்ணும்போது பக்கத்துல சாட்சி இருக்கணும். யார் மேலேயும் சந்தேகம் இல்ல. அது அடியார்கள் நம்பிக் கொடுத்த காசு.

அதே அடியார்கள் இன்னொன்றையும் நம்பித்தான் கொடுக்கிறாங்க. அர்ச்சனைக்குக் குடும்பத்தார் பெயர், நட்சத்திரம். உபயத்துக்கு வீட்டு முகவரி, போன் நம்பர். வரிக்கழிவு உள்ள நன்கொடைன்னா அடையாள அட்டை எண். இது தப்பான ஆள் கைக்குப் போனா என்ன ஆகும்? "கோயில்ல இருந்து பேசுறோம்"னு ஒருத்தன் போன் பண்ணி, பேரப்பிள்ளையோட நட்சத்திரம் வரைக்கும் சரியா சொன்னா, நம்ம வீட்டுப் பாட்டி நம்பாம இருப்பாங்களா?

தொண்டூழியர்கள் வேலை முடிஞ்சு, ராத்திரி பத்து மணிக்கு வீட்டில் உட்கார்ந்துதான் கோயில் வேலை பார்க்கிறோம். தைப்பூசம், தீமிதி நேரத்துல ஆபீஸ் கம்ப்யூட்டர்ல உள்ள ஃபைல் வீட்டுல இருந்தே வேணும். அது நியாயமான தேவை. ஆனா அதுக்காகப் பல இடங்கள்ல பிடிக்கிற குறுக்கு வழி ரெண்டு. ஒண்ணு, பட்டியலை அப்படியே வாட்ஸ்அப் குரூப்ல போடுறது. அப்புறம் அது எத்தனை போன்ல கிடக்குதுன்னு யாருக்கும் தெரியாது. இன்னொண்ணு, ரௌட்டர்ல ஃபைல் பகிர்வுக்கான 445-ஆம் போர்ட்டை வெளி இன்டர்நெட்டுக்குத் திறந்து விடுறது. இது ராஜகோபுரக் கதவைத் திறந்து போட்டுட்டு வீட்டுக்குப் போற மாதிரி.

"கோயிலை யாருப்பா ஹேக் பண்ணப் போறான்?"னு கேக்கிறவங்க உண்டு. கோயிலா, வங்கியான்னு யாரும் பார்த்து வர்றதில்ல. திறந்த கதவைத் தேடி ஒரு புரோகிராம் உலகம் முழுக்கத் தட்டிக்கிட்டே போகுது. 2017 மே மாசம் வான்னாகிரை வைரஸ் இதே ஃபைல் பகிர்வு வழியாகத்தான் பரவிச்சு. யாரும் எதையும் கிளிக் பண்ணத் தேவைப்படல. 150-க்கும் மேற்பட்ட நாடுகள்ல கம்ப்யூட்டர்கள் பூட்டிக்கிச்சு, இங்கிலாந்து மருத்துவமனைகள் உட்பட. அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச் மாசமே வந்திருந்தும் பல பேர் போடல.

இதுக்குச் சரியான வழி விபிஎன். வீட்டு லேப்டாப்புக்கும் கோயில் ரௌட்டருக்கும் நடுவில ஒரு மறைகுறியாக்கப்பட்ட சுரங்கப்பாதை. ஃபைல் பகிர்வு அந்தப் பாதைக்குள்ள மட்டும் தெரியும். வயர்கார்ட் மாதிரி மென்பொருள் இலவசம். ஒவ்வொரு தொண்டூழியருக்கும் தனிச் சாவி. சரியான சாவி இல்லாதவன் வெளியிலிருந்து தட்டினா, உள்ளே ஆள் இருக்குன்னுகூட பதில் வராது. ஒருத்தர் பொறுப்பிலிருந்து விலகினா, அவர் சாவியை மட்டும் நீக்கினா போதும், எல்லாருக்கும் பாஸ்வேர்ட் மாத்த வேண்டாம். பயன்படுத்துறவங்களுக்கு போன்ல ஒரு சுவிட்ச் தட்டுற வேலைதான்.

சுரங்கம் போட்டாச்சுன்னு தூங்கிடவும் கூடாது. அது பாதையை மட்டும்தான் காக்கும். வீட்டு லேப்டாப்பில் வைரஸ் இருந்தா அதே பாதையில் உள்ளே வரும். அதனால கணக்கு ஃபைல் பொருளாளருக்கு, உபயப் பட்டியல் அந்தப் பொறுப்பாளருக்குன்னு பிரிச்சுக் கொடுக்கணும். அப்டேட்டைத் தள்ளிப் போடக் கூடாது. நெட்வொர்க்கில் இணைக்காத ஒரு பேக்கப் தனியா இருக்கணும்.

"செலவாகும், சிரமம்"னு சொல்றவங்களுக்கு ஒரே பதில்: இங்க சிங்கப்பூர்ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012-லேயே வந்தாச்சு. ஒவ்வோர் அமைப்பும் ஒரு தரவுப் பாதுகாப்பு அதிகாரியை நியமிக்கணும். சட்டத்தை விடுங்க, அடியார் கொடுத்த விவரத்தைக் காப்பதும் கைங்கரியம்தான்.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துல மூணு கேள்வி மரியாதையாக் கேளுங்க. நம்ம விவரத்தை வெளியிலிருந்து யார் யார் திறக்க முடியும்? எந்த வழியா? விலகிப் போனவங்க சாவியை எடுத்தாச்சா? பதில் தயாரா இருந்தா, அந்த நிர்வாகத்துக்கு ஒரு நன்றி சொல்லுங்க. இல்லைன்னா, கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ளைகள் நம்ம கோயில்ல நிறைய இருக்காங்க, ஒரு சனிக்கிழமை போதும்.

முருகன் துணை. 🙏