பந்தா வார்த்தையில இல்லீங்க

1/ இங்கிலீஷ்ல யாருக்கும் தெரியாத பெரிய வார்த்தையைப் போட்டா அது பந்தாவா? குளச்சல் பக்கம் ஓபி பாக்கிற அரசு டாக்டரா என் பங்குக்கு ஒரு த்ரெட்.

2/ இந்தப் பேச்சு வந்தாலே சசி தரூரை இழுப்பாங்க. எங்க மாவட்ட எல்லை தாண்டினா அவர் தொகுதிதான். 2017 மே மாசம் ட்விட்டர்ல 'ஃபராகோ'ன்னு எழுதினார், ஆளாளுக்கு அகராதியைத் தேடினாங்க. லத்தீன்ல அதுக்கு மாட்டுக்குப் போடுற கலப்புத் தீவனம்னு அர்த்தம். திரிச்சதும் பொய்யும் கலந்து கொட்டின செய்திக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்க!

3/ 2018ல புத்தக அறிவிப்புல 29 எழுத்து வார்த்தை ஒண்ணைப் போட்டார். அது விளையாட்டு. புரியாதவங்க கூகுள் பண்ணி, சிரிச்சிட்டுப் போனாங்க. யாருக்கும் நஷ்டமில்ல.

4/ நஷ்டம் வர்றது எங்க மேஜையில. கடலுக்குப் போற ஒருத்தர்கிட்ட 'ஹைப்பர்டென்ஷன்'னு சொல்லி மாத்திரை எழுதினேன். ரெண்டு மாசத்துல நிறுத்திட்டார். "எனக்கு டென்ஷனே கிடையாது சாரே, பின்னே எதுக்காக்கும் மாத்திரை?" அப்போ வலது கை தூக்க முடியல.

5/ 'பிரஷர்'னு சொல்லியிருந்தா அவருக்குப் புரிஞ்சிருக்கும். 'தலைவலி, மயக்கம் இல்லாட்டியும் தினமும் போடணும், நிறுத்தினா பக்கவாதம் வரலாம்'னு சேத்துச் சொல்ல அரை நிமிஷம் போதும். தப்பு என்னோடது.

6/ உடனே 'எல்லாத்தையும் எளிமையாக்கு'ன்னு வராதீங்க. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு அவரை அனுப்பும்போது சீட்டுல 'ஹெமிபரேசிஸ்'னுதான் எழுதினேன். ஒரு பக்கம் பலம் குறைஞ்சிருக்கு, முழுசா செயலிழக்கலன்னு அந்த ஒரே வார்த்தை சொல்லிடும். அங்க அது தேவை.

7/ 'இடியோபதிக்'னு ஒண்ணு உண்டு. காரணம் தெரியலன்னு அர்த்தம். 'தெரியல'ன்னு சொல்ல வெக்கப்பட்டு நோயாளிகிட்ட அதைச் சொன்னா, அதுதான் பந்தா.

8/ என் கணக்கு ரெண்டே கேள்வி. அதே வேலையைச் சின்ன வார்த்தை செய்யுமா? கேக்கிறவருக்கு 'அப்படின்னா என்ன?'ன்னு திருப்பிக் கேக்கிற தைரியம் இருக்குமா? தரூரோட வாசகருக்கு இருக்கு. நூறு பேர் வரிசையில, பின்னால ஆள் தள்ள நிக்கிறவருக்கு இல்ல.

9/ அதனால நீங்களே கேளுங்க. டாக்டர் புரியாத வார்த்தை சொன்னா சீட்டை வாங்கிட்டு எழும்பாதீங்க. "எனக்க தீனத்துக்குப் பேரு என்ன, என்ன செய்யணும், தமிழ்ல சொல்லுங்க"ன்னு கேளுங்க. முகம் சுளிச்சா சுளிக்கட்டும். கை விளங்காம போறதுக்கு அது எவ்வளவோ மேல்.