வாசிக்க முடியாத கடிதமும் வைக்கக் கூடாத கையெழுத்தும்

மாரி வெள்ளத்தில் நெற்பயிரை இழந்த கமக்காரர் ஒருவர் அண்மையில் ஒரு கடிதத்தோடு என் வீட்டு விறாந்தையிலே வந்து நின்றார். நான்காக மடித்து, நனையாதிருக்கப் பொலித்தீன் பையிலிட்டு, மடியிலே செருகிக் கொணர்ந்த கடிதம். “இதிலை என்ன எழுதிக் கிடக்கு எண்டு ஒருக்காப் பாருங்கோ ஐயா” என்றார்.

விரித்துப் பார்த்தேன். தலைப்பில் அரசாங்க இலச்சினை. அதன் கீழ் மூன்று மொழிகளிலும் திணைக்களத்தின் பெயர். அதற்குக் கீழே முற்றுமுழுதும் சிங்களம். இருபது ஆண்டுகளாகச் சட்டத்தொழில் புரியும் எனக்கும் அதிலே விளங்கியவை இலக்கங்கள் மாத்திரமே. சந்தியில் பேக்கரி வைத்திருக்கும் சிங்கள நண்பரிடம் கொண்டுசென்றோம். கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு அவர் பொறுமையோடு வாசித்துச் சொன்னார். நட்டஈட்டு விண்ணப்பத்தில் ஒரு பத்திரம் குறைகின்றதாம். 14 நாட்களுள் அனுப்பாவிடின் விண்ணப்பம் தள்ளுபடியாகுமாம். அந்தப் பதினான்கு நாட்களும் கழிந்து ஒன்பது நாட்களாகிவிட்டன.

இது எந்தச் சட்டத்தின்படி? 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தின் காலத்திலன்று, இன்று நடக்கின்றது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988ஆம் ஆண்டின் பதினாறாந் திருத்தம் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையைத் திருத்தி அமைத்தது. சிங்களத்திலே நிருவாகம் நடைபெறும் பகுதியிலும் எவரும் அரச அலுவலருக்குத் தமிழில் எழுதலாம். எழுதிய மொழியிலேயே பதில் பெறும் உரித்தும் அவருக்கு உண்டு. இது சலுகையன்று, நாட்டின் மிக உயர்ந்த சட்டம். அதனை அந்தத் திணைக்களம் காலின் கீழ் போட்டு மிதித்திருக்கின்றது என்று கோபத்தோடு எழுந்தேன்.

எழுந்தவன் உடனே அமர்ந்தும் விட்டேன். கமக்காரரின் பையிலே விண்ணப்பத்தின் பிரதியும் இருந்தது. அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது! ஊரிலே படித்த பெரியவர் ஒருவர், என்னைப் போன்ற ஒருவர், உதவி செய்வதாக எண்ணி எழுதிக் கொடுத்திருக்கிறார். கமக்காரர் அதன் அடியிலே கையொப்பம் வைத்திருக்கிறார். சட்டப்படி அவருக்கு வந்திருக்க வேண்டியது ஆங்கிலப் பதில். அதையும் அவர் வாசித்திருக்க முடியாது.

திணைக்களத்தின் குற்றம் இதனால் குறைந்துவிடாது. சிங்களத்தில் பதில் எழுத அதற்கு உரித்தே இல்லை. ஆயினும், படித்த தமிழர்களே, நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த உரித்தை எத்தனை பேர் பயன்படுத்துகின்றோம்?

நம் முன்னோர் இதற்குக் கொடுத்த விலையை நினைவுகூருங்கள். 1956 ஜூன் 5ஆம் திகதி காலிமுகத்திடலிலே சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் கல்லெறியும் அடியும் பட்டனர். 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் மக்கள் வாரக்கணக்காக மறியல் இருந்தனர். கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராயிருந்த கோடீஸ்வரன் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்கு அமர மறுத்தமையால் 1962இல் அவருடைய சம்பள உயர்ச்சி நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் மொழிச் சட்டம் செல்லாது என்றது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்காட முடியாதென்று தள்ளியது. 1969இல் கோமறைக் கழகம் அதனை மாற்றி, மொழிச் சட்டத்தின் வலிதினை விசாரிக்குமாறு திருப்பி அனுப்பியது. அந்த வினாவுக்கு எந்த நீதிமன்றமும் இறுதி விடை கூறவில்லை. ஒரு எழுதுவினைஞர் தம் சம்பள உயர்ச்சியைப் பணயமாக வைத்துக் கேட்டதை இன்று சட்டமே ஏட்டில் எழுதி வைத்திருக்கின்றது. நாமோ ஒரு முத்திரைச் செலவுக்கும் அதனைச் சோதித்துப் பார்ப்பதில்லை.

“தமிழில் எழுதினால் மொழிபெயர்க்க வேண்டும், தாமதமாகும்; ஆங்கிலத்தில் எழுதினால் கருமம் விரைவில் முடியும்” என்பர். இதனை நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். தாமதமாகும் என்பது உண்மையே. ஆனால் தமிழ்க் கடிதங்கள் குவியாத அலுவலகத்துக்கு மொழிபெயர்ப்பாளரை எவர் நியமிப்பார்? “இங்கே தமிழில் எழுதுவோர் இல்லை” என்று அவர்கள் கணக்குக் காட்டுவதற்கு நம் ஆங்கிலமே சாட்சியாகின்றது.

நம் வீடுகளைப் பாருங்கள். தாலி கட்டுவது நல்லூரில், அழைப்பிதழோ ஆங்கிலத்தில். தந்தை கந்தையா, மகன் தன் பெயரைத் தமிழில் எழுதும்போதும் ‘கே’ என்றே தொடங்குகிறான். பஸ்ஸிலே ‘கர்ப்பிணித் தாய்மார்’ என்பது ‘கர்ப்பிணி நாய்மார்’ என எழுதப்பட்டிருந்த படம் கைக்குக் கை பரவியதை அறிவீர்கள். சிரித்தோம், சினந்தோம், அடுத்தவருக்கு அனுப்பினோம். முறைப்பாடு எழுதியவர் எத்தனை பேர்? நான் எழுதவில்லை. (என் கையொப்பமும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றது. மாற்றினால் வங்கியில் தொல்லை என்று இத்தனை காலமும் சாட்டுச் சொல்லி வந்தேன்.)

இவை சிறு விடயங்கள் என்று தள்ளிவிடலாம். வாசிக்காத கடதாசியில் ஒப்பம் வைக்கும் பழக்கம் அவ்வாறு தள்ளிவிடக் கூடியதன்று. 1993இல் கைதுசெய்யப்பட்ட சிங்கராசா என்பவர் தமிழ் மட்டுமே அறிந்தவர். அவருடைய ஒப்புதல் வாக்குமூலம் என்று சிங்களத்தில் தட்டச்சான கடதாசியில் அவருடைய பெருவிரல் அடையாளம் பலவந்தமாகப் பெறப்பட்டது என்பது அவருடைய முறையீடு. அந்தக் கடதாசியைக் கொண்டே 1995இல் 50 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது; 1999இல் மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகியது. அவர் நீதியான விசாரணையைப் பெறவில்லை என 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு கண்டது. 2006இல் நம் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மீளாய்வு செய்ய மறுத்தது. அவருக்கு மறுக்க வழியிருக்கவில்லை. பொலிஸ் நிலையத்திலே மாடு களவுபோன முறைப்பாட்டுக்கு ஒப்பம் வைக்கும் நமக்கு வழியிருக்கின்றது. “தமிழில் எழுதுங்கள், அல்லது எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள்” என்று கேட்கலாமே!

சட்டத்தரணிகளான நமக்கும் ஒன்று. 24ஆம் உறுப்புரையின்படி வடக்கு கிழக்கு நீதிமன்றங்களின் மொழியும் பதிவேட்டு மொழியும் தமிழ். ஆயினும் நம் மனுக்களையும் சமர்ப்பணங்களையும் ஆங்கிலத்தில் சிந்தித்து, ஆங்கிலத்திலேயே எழுதுகின்றோம். கட்சிக்காரர் பின்வாங்கிலே இருந்து நம் வாயைப் பார்க்கிறார். அவர் காணி, அவர் வழக்கு, அவர் பணம்; மொழி மட்டும் நம்முடையது.

கமக்காரருக்கு இரண்டு கடிதங்கள் தமிழில் எழுதினேன்: காலக்கெடுவை நீடிக்கக் கோரித் திணைக்களத்துக்கு ஒன்று; 1991ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு ஒன்று. ‘உறுப்புரை’, ‘ஏற்பாடு’ என்னுஞ் சொற்களுக்கு என் பேனா தயங்கியதை மறைக்கவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில் மறித்து, “வெள்ளம் வந்த திகதி அது இல்லை ஐயா, அதுக்கு முதல் கிழமை” என்றார். ஆங்கில விண்ணப்பத்தைப் பார்த்தேன். அதிலும் அந்தப் பிழை இருந்தது. திருத்திய பின்னரே ஒப்பம் வைத்தார். இரண்டும் பதிவுத் தபாலிற் சென்றுள்ளன. பதில் வந்ததும், அது எம்மொழியில் வந்தது என்பதையும் சேர்த்து, இப்பத்திரிகையிலே எழுதுவேன்.