பூட்டைத் திறக்கும் அதிகாரம் யாருடையது?

பிறர் வீட்டினுள் அனுமதியின்றி நுழைவது முறையல்ல என்பதை நமது சமூகங்கள் வழிவழியாகப் போற்றி வந்துள்ளன. வாசலில் நின்று குரல் கொடுத்து, வீட்டார் அழைத்த பின்னரே உள்ளே செல்வது தமிழர் வழக்கம். சலாம் உரைத்து அனுமதி பெற வேண்டும், அனுமதி கிடைக்காவிடின் திரும்பிவிட வேண்டும் என்பது இஸ்லாம் போதிக்கும் ஒழுக்கம். மின்கட்டணம் செலுத்தாதவரின் வீட்டுப் பூட்டை யார், எவருடைய அதிகாரத்தின் பேரில் திறக்கலாம் என்ற கேள்வி இந்த ஒழுக்கத்தையும் சட்டத்தையும் ஒருசேரத் தொட்டு நிற்கின்றது.

பிரித்தானியாவில் எரிவாயு, மின்சார நிறுவனங்கள் நிலுவை வைத்துள்ளோரின் வீட்டினுள் நுழைவதற்கு நீதிவானின் ஆணை பெற வேண்டும் என 1954ஆம் ஆண்டின் சட்டம் கூறுகின்றது. ஆயின் நடைமுறையில் இப்பணி கடன் அறவிடும் முகவர் நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் வழங்கப்படுகின்றது. முகவர்களுடன் கூலிக்கு அமர்த்தப்பட்ட பூட்டுத் தொழிலாளி செல்கின்றார். அவர் கதவைத் திறந்துவிட, முற்கொடுப்பனவு மின்மானி பொருத்தப்படுகின்றது. அதன் பின்னர் முன்கூட்டியே பணம் செலுத்தினால் மட்டுமே வீட்டில் விளக்கெரியும்.

2022ஆம் ஆண்டில் மாத்திரம் 94,000க்கும் மேற்பட்ட மின்மானிகள் அங்கு இவ்வாறு பலவந்தமாகப் பொருத்தப்பட்டன. ஒரு நீதிமன்றம் 51 நிமிடங்களில் 496 ஆணைகளை வழங்கியதாக அக்காலத்தில் செய்தி வெளியானது. ஓர் ஆணைக்கு ஏழு விநாடி கூட இல்லை. 2023 பெப்ரவரியில் 'த டைம்ஸ்' பத்திரிகையின் செய்தியாளர் ஒருவர், 'பிரிட்டிஷ் காஸ்' நிறுவனத்தின் ஒப்பந்தக்காரரிடம் பணிக்குச் சேர்ந்து, கைக்குழந்தையுடன் இருந்த தாயார், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் வீடுகளிலும் இவ்வாறு நுழைந்ததை அம்பலப்படுத்தினார். ஒப்பந்தக்காரர் தம்மைக் கைவிட்டுவிட்டதாகக் கூறிய தாய் நிறுவனத்தின் தலைவர், பொறுப்பு தம்முடையதே என்பதையும் ஏற்க நேர்ந்தது. சில நாட்களில் இத்தகைய விண்ணப்பங்களை விசாரணைக்கு எடுப்பதை நிறுத்துமாறு சிரேஷ்ட நீதியரசர் ஒருவர் நீதிவான்களுக்குப் பணிப்புரை வழங்கினார். பின்னர் குறைந்தது பத்துத் தடவைகள் தொடர்புகொள்ள முயல வேண்டும், வீட்டாரின் நலனை அறிய நேரில் செல்ல வேண்டும், செல்வோர் ஒளிப்பதிவுக் கருவியோ ஒலிப்பதிவுக் கருவியோ அணிய வேண்டும் என விதிகள் வகுக்கப்பட்டன.

பொருள் மிகத் தெளிவானது. அதிகாரம் நீதிமன்றத்திலிருந்து நிறுவனத்துக்கும், நிறுவனத்திலிருந்து ஒப்பந்தக்காரருக்கும், அவரிடமிருந்து பூட்டுத் தொழிலாளிக்கும் கைமாறும்போது பொறுப்பு மட்டும் வழியில் எங்கோ தொலைந்து விடுகின்றது.

இது சீமையின் கதைதானே, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. நமது நாட்டில் மின்துண்டிப்பு பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே நின்றே நடைபெறுகின்றது என்பது உண்மை. ஆனால் கடன்சுமை இங்கும் குறைவன்று. மாதம் 30 அலகுகள் பாவிக்கும் ஒரு வீட்டின் கட்டணம், 2022 ஆகஸ்டுக்கு முன்னர் 105 ரூபா. அந்த ஆகஸ்டில் அது 360 ரூபாவாகவும், 2023 பெப்ரவரியில் 1,300 ரூபாவாகவும் உயர்ந்தது. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. ஓரிரு மின்குமிழ்களுக்காக ஒரு நாள் கொழுந்துப் பறிப்பின் சம்பளத்திலும் கூடுதலாகச் செலுத்த வேண்டியிருந்தது. 2023இல் நாடெங்கும் 10 இலட்சத்துக்கும் அதிகமான மின்னிணைப்புகள் துண்டிக்கப்பட்டன. பின்னர் கட்டணம் குறைக்கப்பட்ட போதிலும் அந்த அனுபவம் மறக்கத்தக்கதன்று.

ஹட்டன், நுவரெலியா பகுதி லயன் அறைகளில் வாழ்வோருக்கு இதில் மேலும் இரு இடர்கள் உண்டு. முதலாவது, முகவரி. பலரது கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கே வந்து சேர்கின்றன. அங்கிருந்து அவை உரியவரின் கையை எட்டுவது தாமதமாகலாம், எட்டாமலும் போகலாம். சிவப்பு அறிவித்தலை ஒருபோதும் காணாதவரை, அறிவித்தல் அனுப்பியும் பணம் செலுத்தாதவர் என்று சட்டம் கருதுமானால் அதனை நீதியென்று கூற முடியுமா?

இரண்டாவது, உறுதிப்பத்திரம். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் லயன் அறை வாழ்வோரின் பெயரில் இல்லை. மின்னிணைப்புப் பெறுவதற்கே தோட்ட நிர்வாகத்தின் கடிதத்தை எதிர்பார்க்க வேண்டியுள்ளது. கதவிலுள்ள பூட்டு தொழிலாளி வாங்கியது, கதவோ தோட்டத்தினுடையது. அவ்வாறெனில் உள்ளே வர அனுமதி தரவோ மறுக்கவோ உரியவர் யார்? 2023 ஆகஸ்டில் மாத்தளை, எல்கடுவ பெருந்தோட்டத்துக்குரிய இரத்வத்தை தோட்டத்தில் ஒரு குடும்பத்தின் தற்காலிகக் குடிலைத் தோட்ட அதிகாரி ஒருவர் உடைத்தெறிந்த காட்சியை நாடே கண்டது. அது மின்கட்டண விவகாரமன்று. எனினும் உறுதியில்லாதவனின் கதவுக்கு எவ்வளவு மதிப்பளிக்கப்படுகின்றது என்பதை அது காட்டிற்று.

இலங்கை மின்சார சபையின் பணிகளைத் தனித்தனிக் கம்பனிகளிடம் பிரித்தளிக்க 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் 2025இன் திருத்தமும் வழிசெய்துள்ளன. கம்பனிகள் உருவாகுமிடத்து ஒப்பந்தங்களும் உப ஒப்பந்தங்களும் பெருகுவது இயல்பு. நகரின் நடைபாதையோரத்தில் சாவி வெட்டிப் பிழைப்பவரிடம் நாளை ஒருவர் வந்து, கதவொன்றைத் திறந்து தந்தால் இவ்வளவு கூலி எனக் கேட்கக்கூடும். ஆணை உண்மையானதா, உள்ளே நோயாளி இருக்கின்றாரா என்பதை அறிய அவருக்கு வழியில்லை. பழி வந்தாலோ முதலில் அகப்படுபவர் அவரே. அவரும் ஓர் ஏழைத் தொழிலாளி என்பதை நாம் மறந்துவிடலாகாது.

நிலுவைகள் அறவிடப்பட வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஒருவர் செலுத்தாத கட்டணம் இறுதியில் மற்றையோரின் தலையிலேயே விழுகின்றது. ஆனால் அறவிடுவதற்கும் அத்துமீறுவதற்கும் இடையிலான எல்லையைச் சட்டம் முன்கூட்டியே வகுத்திருக்க வேண்டும்.

ஆகவே பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு சில விடயங்களில் இப்போதே விதி செய்ய வேண்டும். நீதிவானின் ஆணையின்றி, கட்டண நிலுவைக்காக எவரும் எந்த வீட்டுப் பூட்டையும் திறக்கலாகாது. தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் வீட்டாரின் சம்மதத்துக்கு ஈடாகாது. அறிவித்தல் தமிழிலும் எழுதப்பட்டு, காரியாலயத்திலன்றி வீட்டாரின் கையிலேயே ஒப்படைக்கப்பட வேண்டும். யாரை அனுப்பினாலும் அவர் செய்யும் பிழைக்குக் கம்பனியே பொறுப்பேற்க வேண்டும். இவற்றை வலியுறுத்துவது மலையகப் பிரதிநிதிகளின் கடமை. ஒவ்வொரு லயன் அறைக்கும் தனி முகவரியும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் காணியுரிமையும் பெற்றுக்கொடுக்கப்படும் வரை இவ்விதிகளும் அரைப்பாதுகாப்பே என்பதையும் அவர்கள் உணர வேண்டும்.

பிரித்தானியர் ஆயிரக்கணக்கான கதவுகள் திறக்கப்பட்ட பின்னரே விதிகளை எழுதினர். நாம் முதற் கதவு திறக்கப்படுவதற்கு முன்னரே எழுதிக்கொள்வது நன்று.